வெக்கை வெளியேறும் வழி

நடுப்பகலில் வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது மேசைக் கணினி தானாக அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது; அரை மணி நேரத்தில் மீண்டும் அணைகிறது. திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோ, வீடியோ எடிட்டிங் செய்பவர், டி.டி.பி. நிலையம், இ-சேவை மையம், பொறியியல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு என்று குமரி மாவட்டத்தில் பலரும் கோடைதோறும் படும் பாடு இது. யோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கச் சொல்வார் ஒருவர். ஏர் கூலர் வாங்கச் சொல்வார் மற்றவர். கடையில் தண்ணீரால் குளிர்விக்கும் கருவியைக் காட்டுவார்கள். கடைசியில் ஏ.சி. போட்டால்தான் தீரும் என்று முடிவுகட்டி, கடன் வாங்கியாவது போடுகிறவர்களும் உண்டு. செலவு பூஜ்யத்தில் தொடங்கி நாற்பதாயிரம் ரூபாய் வரை போகும் இந்த யோசனைகளில் எது நம் ஊருக்குப் பொருந்தும்? இவற்றில் பல, வடநாட்டின் வறண்ட வெயிலுக்கோ குளிர்நாட்டு அறைகளுக்கோ ஏற்றவை. கடலும் மலையும் இரண்டு பருவமழையும் சேர்ந்த ஒரு சிறு நிலத்துக்கு அவை அப்படியே பொருந்தா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் கணினியைக் கொல்வது வெளியே அடிக்கும் வெயில் அல்ல. உள்ளே பிறக்கும் வெக்கைக்கு வெளியேற வழி இல்லாமல் போவது ஒன்று. உப்பும் ஈரமும் கலந்த தூசி இன்னொன்று. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தீர்வைக் கேட்கின்றன என்பதுதான் சிக்கல். வெக்கைக்காகக் கணினியைத் திறந்து வைத்தால் உப்பு உள்ளே வருகிறது. உப்புக்காக மூடி வைத்தால் வெக்கை தங்கிவிடுகிறது.

வெயிலின் கணக்கை முதலில் பார்ப்போம். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி போன்ற இடங்களில் சித்திரை, வைகாசியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. நாகர்கோவிலில் அது பெரும்பாலும் 32க்கும் 35க்கும் இடையில் நின்றுவிடும். நம்மைப் படுத்துவது புழுக்கம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. மழைக்காலத்தில் 85, 90 என்று ஏறும். வியர்வை காயாததால் நமக்கு 34 டிகிரி 40 போலத் தெரிகிறது. கணினிக்கு வியர்வை இல்லை. அதற்கு 34 என்பது 34தான்.

செயலி (பிராசசர்) தாங்கும் வெப்பமோ இதைவிட எவ்வளவோ அதிகம். இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏ.எம்.டி.யின் ரைசன் வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. அறை 34 டிகிரியில் இருந்தால்கூட நடுவில் 60 டிகிரி இடைவெளி இருக்கிறது. 65 வாட் வகைச் செயலி ஒன்று, உடன் வந்த சாதாரண விசிறியோடு, நல்ல நிலையில் ஓடினால் கடும் வேலையிலும் 70, 80க்குள் நின்றுவிட வேண்டும். அது 100ஐத் தொடுகிறது என்றால் பழி வெயில் மீது இல்லை. சில்லிலிருந்து காற்றுவரை வெப்பம் கடந்துபோக வேண்டிய பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

இங்கே ஒரு எளிய விதியை மனதில் வைத்துக்கொண்டால் எல்லா யோசனைகளையும் அதை வைத்தே அளந்துவிடலாம். அறையின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ 10 டிகிரிதான் குறையும். அதற்கு மேல் குறையாது. முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஏ.சி. போட்டு அறையை 34இலிருந்து 24க்குக் கொண்டுவந்தால், 100இல் தவித்த செயலி 90க்கு வரும். நோய் அப்படியே இருக்கும். தூசி அடைத்து, செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்துபோன பழைய கணினியைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தால் 15, 20 டிகிரி குறைவதும் உண்டு. அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

ஆனால் அளக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. எச்.டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் செயலியின் வெப்பநிலையை நொடிக்கு நொடி காட்டும், லினக்ஸில் எல்.எம். சென்சர்ஸ் இருக்கிறது. இன்றைய செயலிகள் சூடு எல்லையை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே கணினி சூட்டினால் தவிக்கிறது என்பதன் முதல் அடையாளம் மந்தம். திடீரென்று அணைவது அதன் பிறகுதான். 70 டிகிரியிலேயே ஒரு கணினி பட்டென்று அணைகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. பெட்டியின் மேல் 450 வாட் என்று அச்சிட்டு மலிவாக விற்கும் சில மின்வழங்கிகள் அதில் பாதியைக்கூட நின்று தருவதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு எவ்வளவு விலை உயர்ந்த குளிர்விப்பானை மாட்டினாலும் அது அணைந்துகொண்டேதான் இருக்கும்.

வெப்பம் கணினிக்கு எவ்வளவு கேடு என்பதைப் பெரிய அளவில் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2007, 2008இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இன்டெல் நிறுவனம் ஏறக்குறைய 900 சர்வர்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏ.சி. கொடுத்தது, மறுபாதிக்கு வெளிக்காற்றை வெறும் சாதாரண வடிகட்டி வழியே விட்டது. பத்து மாதம் ஓடியது சோதனை. வெளிக்காற்று 32 டிகிரி வரை ஏறியது; சர்வர்கள் மேல் தூசி படிந்து கிடந்தது. பழுதானவை வெளிக்காற்றுப் பக்கம் 4.46 விழுக்காடு, அந்த நிறுவனத்தின் வழக்கமான சர்வர் கூடத்தில் அதே காலத்தில் 3.83 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் நியூ மெக்சிகோ பாலைநிலம். அதன் தூசியில் கடலுப்பு இல்லை.

நமக்கு நெருக்கமான சான்று 2016இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வெவ்வேறு தட்பவெப்பத்தில் இருக்கும் ஒன்பது பெரிய தரவு மையங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். பழுதுக்கு வெப்பநிலையைவிட ஒப்பு ஈரப்பதமே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. ஈரம் மிகுந்த இடங்களில் வட்டின் சுழலும் பாகங்களைவிட அதன் மின்சுற்றுகளும் இணைப்புகளும் அதிகமாகக் கெட்டன. புழுக்கத்தில் வாழும் நாம் இந்த ஆய்வைக் கவனிக்க வேண்டும். வெக்கை, வெக்கை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஈரத்தைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

ஈரத்தோடு உப்பும் சேரும்போது நிலைமை இன்னும் கெடுகிறது. சோற்றுப்பு ஒரு வரம்புவரை வெறும் தூளாகக் கிடக்கும். ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்து அது கரைசலாகிவிடும். சர்க்யூட் போர்டில் படிந்த உப்புத் தூசி கோடைப் பகலில் பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மழை இரவில் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாக மாறுகிறது. செம்பில் களிம்பு பூக்கிறது. இரும்புத் தகடு துருப்பிடிக்கிறது. ரேம் பொருந்தும் இடத்திலுள்ள தொடுமுனைகள் கெடுகின்றன. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் நம் கடற்கரை ஊர்களில் சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த ஜன்னலோரத்தில் வைத்த கணினியும், தெரிசனங்கோப்பில் வயல்காட்டு ஓரத்து வீட்டில் இருக்கும் கணினியும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் ஒரே மருந்தைக் கேட்பவை அல்ல.

உப்பு எட்டாத இடங்களுக்கு அந்தந்த இடத்துத் தூசி இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி முதல் புரட்டாசி வரை வீசும் காற்றுதான் முப்பந்தலில் ஆயிரம் மெகாவாட்டுக்கும் மேல் மின்சாரம் தருகிறது. அதே காற்று தோவாளை வட்டாரத்து வீடுகளுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஈத்தாமொழிப் பக்கம் தேங்காய் நார்த் தூசி. மேற்கே முந்திரி ஆலைகளின் புகை. நார்த்தூசி எடை குறைவு, ஒட்டும் தன்மை அதிகம். செயலியைக் குளிர்விக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். சமையலறைக்குப் பக்கத்து அறையில் கணினி இருந்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அந்தக் கம்பளியை இறுக்கிவிடும். காற்றை ஊதினால் மட்டும் அது போகாது. பிரஷ் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனித் தீர்வுகள். செலவே இல்லாதவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவற்றில்தான் பலன் அதிகம், கவனிப்பார்தான் குறைவு.

நம் வீடுகளில் இருக்கும் கணினி மேசைகளில் சிபியு வைக்க என்று பலகையால் அடைத்த ஒரு பெட்டி இருக்கும். சிலவற்றுக்கு முன்கதவும் உண்டு. பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும். சிபியுவின் பின்விசிறி வெளியே தள்ளும் சூடான காற்று சுவரில் மோதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றி, முன்பக்கம் வழியே திரும்ப உள்ளே போகிறது. அறை 33 டிகிரி என்றால் அந்தப் பெட்டிக்குள் 40, 42 ஆகிவிடும். நாகர்கோவிலில் இருக்கும் கணினியை நாமே வேலூருக்கு அனுப்பிவிடுகிறோம். சிபியுவை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு ஸ்டூலில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதே முதல் சிகிச்சை. பெருக்கும்போது கிளம்பும் தூசியும் அந்த உயரத்தில் குறைவு. கணினி ஓடும்போது மேலே போர்த்தும் துணியுறையையும் எடுத்துவிட வேண்டும். சிலர் பாதியை மட்டும் தூக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். அது மூச்சுத் திணற வைப்பது.

அடுத்தது, வெப்பம் பிறப்பதையே குறைப்பது. செயலி செலவழிக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறும். மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய 19 விழுக்காடு குறையும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் இதற்கு இடமளிக்கும் மதர்போர்டுகள் உண்டு. ரைசன் கணினிகள் பலவற்றில் ஈகோ மோட் என்ற பெயரில் ஒரே அழுத்தில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்பவர்கள் விண்டோஸின் பவர் பிளான் அமைப்பில் செயலியின் உச்சநிலையை 100இலிருந்து 99 விழுக்காடாக மாற்றினால் போதும். பெரும்பாலான கணினிகளில் டர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிடும். ஐ5-10400 செயலி டர்போவில் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். டர்போ இல்லாவிட்டால் 2.9இல் ஓடும். பத்திரம் தட்டச்சு செய்கிறவருக்கும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்கிறவருக்குத் தெரியும், வேலை நீளும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. இன்டெல் செயலிகள் பலவற்றில் 2011 முதல் குயிக் சிங்க் என்ற வீடியோச் சுற்று உள்ளேயே இருக்கிறது; என்விடியா கார்டுகளிலும் அதுபோல் ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் அமைப்பில் அதைத் தேர்ந்தால் செயலி கொதிக்காமல், பெரும்பாலும் முன்பைவிட விரைவாகவே வேலை முடியும். தரத்தில் சிறு வேறுபாடு வரலாம். பென்டிரைவில் கொடுக்கும் கல்யாண வீடியோவில் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பேஸ்ட் விஷயம் சற்று விரிவாகவே பேசத் தக்கது, ஏனென்றால் இதில்தான் கைத்தவறு அதிகம். செயலியின் மேல்தகடும், அதன் மேல் அமரும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டுக் கட்டின் அடித்தகடும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நடுவில் நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்கு 235 (மீட்டருக்கு, கெல்வினுக்கு வாட்) என்ற அளவில் இருக்க, காற்றுக்கு அது 0.026 மட்டுமே. பேஸ்ட்டுக்கு ஒன்று முதல் பத்துக்குள் ஏதோ ஓர் எண். அதாவது பேஸ்ட் உலோகத்தைவிட எவ்வளவோ மட்டம், காற்றைவிட எவ்வளவோ மேல். பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் அது இருக்க வேண்டும், பயறளவு போதும். தாராளமாகப் பூசினால் நல்லது என்று நினைத்துக் கனமாக அப்புவது வெப்பத்தின் வழியில் நாமே போடும் தடுப்பு. நான்கைந்து ஆண்டு ஓடிய கணினியில் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். நல்ல பேஸ்ட் ஒரு சிறு ஊசிக்குழல் இருநூறு முதல் அறுநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரண்டு மூன்று கணினிக்கு வரும். இதில் விலை உயர்ந்ததைத் தேடிப் போவதால் கிடைக்கும் பலன் இரண்டு மூன்று டிகிரிதான்.

கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. இன்டெலின் உடன்வரும் விசிறி நான்கு பிளாஸ்டிக் பின்களால் போர்டில் அழுத்தப்பட்டிருக்கும். பழைய பின்களில் ஒன்று நொறுங்கினாலோ சரியாகப் பதியாமல் நின்றாலோ ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். செயலி ஒரே நிமிடத்தில் 100ஐத் தொடும். சர்வீஸ் செய்த பிறகு சூடு கூடிவிட்டது என்று வரும் பல கணினிகளின் கதை இதுதான். ஏ.எம்.டி.யின் ஏ.எம்4 வகையில் ஆபத்து வேறு: இறுகிய பேஸ்ட் செயலியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கிவிட்டு, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ப்ளோயரால் தூசி ஊதும்போது விசிறி இதழைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் முக்கியம். கண்மண் தெரியாமல் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

பிறகு காற்றோட்டம். எத்தனை விசிறி வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கணினி 200 வாட் வெப்பத்தை உமிழ்கிறது, உள்ளே போகும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்று போதும். நல்ல 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றே திறந்தவெளியில் இதைத் தள்ளிவிடும். கம்பித் தடுப்பும் கேபிள் குவியலும் பாதியைத் தின்றுவிடும் என்பதால், முன்பக்கம் உள்ளிழுக்க ஒன்று, பின்பக்கம் வெளித்தள்ள ஒன்று என இரண்டு வைத்தால் வீட்டுக் கணினிக்குத் தாராளம். இரண்டும் சேர்ந்து அறுநூறு முதல் ஆயிரத்து நானூறு ரூபாய் ஆகலாம். ஏழு விசிறி, வண்ண விளக்கு என்று விற்கும் கேபினட்டுகளில் பல, முன்பக்கம் முழுதும் கண்ணாடியால் மூடியவை. காற்று நுழைய விரல் அகலச் சந்துதான் இருக்கும். அழகுக்காக வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சூட்டுத் தொல்லை இருப்பவர் வலை முகப்புள்ள எளிய கேபினட்டைத்தான் எடுக்க வேண்டும்.

கடலோர ஊர்களுக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. உள்ளிழுக்கும் விசிறிக்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிவலை கட்டாயம். உள்ளே வரும் காற்று வெளியே போகும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி விசிறி வேகத்தை அமைத்தால், சந்துபொந்து வழியே வடிகட்டாத காற்று உள்ளே ஏறாது. வலை நுண்ணிய உப்பையெல்லாம் தடுத்துவிடாது; உப்பைச் சுமந்துவரும் தூசியின் பெரும்பகுதியைத் தடுக்கும். காற்று எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறதோ அவ்வளவு குறைவாக உப்பு வரும். அதனால்தான் வெப்பம் பிறப்பதைக் குறைக்கும் வழி கரையோரத்தில் இரட்டிப்புப் பலன் தருகிறது.

இந்த இடத்தில் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைக்கும் பழக்கத்துக்கு வருவோம். சூடு குறையும் என்பது உண்மை. சிலவேளை பத்து டிகிரி வரை குறையும். தக்கலையிலோ பூதப்பாண்டியிலோ அவசர வேலை முடியும்வரை இரண்டு நாள் அப்படி ஓட்டுவதில் தப்பில்லை. நிரந்தரமாக வைத்தால் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறும். போர்டில் ஓடும் பல்லி தானும் செத்துப் போர்டையும் சாகடிக்கும். கடற்கரை ஊர்களில் இது கூடவே கூடாது. பெரிய விசிறி ஒன்று உப்புக்காற்றை நேராகச் சர்க்யூட் போர்டின் மேல் நாள்முழுதும் வாரி இறைப்பதற்குச் சமம்.

ஏர் கூலரை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம் என்றாலும், அது ஏன் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். நீர் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. கரூர்ப் பக்கம் 39 டிகிரியும் 25 விழுக்காடு ஈரமும் இருக்கும் பகலில் ஆவியாதலால் கிடைக்கக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. நாகர்கோவிலில் 33 டிகிரியும் 70 விழுக்காடு ஈரமும் இருக்கும் பகலில் அந்த எல்லையே 28. நடைமுறையில் 29, 30தான் கிடைக்கும். மூன்று டிகிரி குறைக்க அறையை நீராவியால் நிரப்பி, ஈரத்தை 75 என்ற அந்த வரம்புக்கு மேல் தள்ளிவிடுகிறோம். குமரி மாவட்டத்தில் கணினி அறைக்குள் ஏர் கூலர் வைக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மேலே சொன்னதெல்லாம் செய்தும் சூடு அடங்கவில்லை என்றால் டவர் கூலர் வாங்கலாம். செயலியின் மேல் நிமிர்ந்து நிற்கும் தகட்டுக் கோபுரம், நடுவே செம்புக் குழாய்கள், பக்கவாட்டில் 120 மில்லிமீட்டர் விசிறி. ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் தரமானவை கிடைக்கின்றன. அந்தச் செம்புக் குழாய் திடமான கம்பி அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே துளி நீர் விட்டு மூடியது. சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே ஊறித் திரும்புகிறது. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டியது இது. விண்கலங்களுக்குப் பயன்பட்ட இந்த நுட்பம் இன்று மேசைக் கணினிக்குள் வந்துவிட்டது. இதில் நம் ஊருக்கு இன்னொரு நன்மை: பரப்பு பெரிது என்பதால் விசிறி மெல்லச் சுழன்றால் போதும், தூசி குறைவாக வரும். கடற்கரையில் இருப்பவர்கள் நிக்கல் பூசிய குழாய் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது. வெறும் செம்பு விரைவில் களிம்பேறும். வாங்குமுன் கேபினட்டின் அகலத்தையும் கூலரின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். மூடி சாத்த முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு.

தண்ணீரால் குளிர்விக்கும் ஏ.ஐ.ஓ. கருவி ஐயாயிரம் முதல் ஒன்பதாயிரம் ரூபாய். 253 வாட் வரை போகும் ஐ9-14900கே போன்ற செயலி வைத்திருப்பவருக்கு அது நியாயம். 65 வாட் செயலிக்கு வீண். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அதுவும் கடைசியில் வெப்பத்தை அறையின் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது, அறை வெப்பநிலைக்குக் கீழே அதனால் போக முடியாது. அதன் ரேடியேட்டரின் நெருங்கிய தகடுகளில் உப்புத் தூசி அடைத்தால் சுத்தம் செய்வது கடினம். பம்ப் நின்றுபோனால் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். டவர் கூலரில் விசிறியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. கணினியை எண்ணெயில் மூழ்க வைக்கும் முறை தேங்காய் விளையும் நம் ஊர் இளைஞர்களை ஈர்ப்பது இயல்பு. தேங்காய் எண்ணெயை மின்மாற்றிகளில் பயன்படுத்தலாமா என்று இலங்கையில் ஆய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும், நாளடைவில் காறிப்போகும், கேபிள் உறைகளைக் கெடுக்கும். வீட்டுக்கு ஏற்றதல்ல.

ஏ.சி.யை நான் முழுக்க ஒதுக்கவில்லை. அது காற்றை உலர்த்துகிறது. ஜன்னலை மூட வைத்து உப்பைத் தடுக்கிறது. பத்துக் கணினி ஓடும் கல்லூரி ஆய்வகத்துக்கோ கடற்கரையோர அலுவலகத்துக்கோ அது சரியான முதலீடு. ஒற்றைக் கணினிக்காகப் போடுவது பொருந்தாது. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஒரு கிலோவாட் அளவில் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் என்றால், கம்ப்ரசர் நின்று ஓடுவதைக் கழித்தாலும், இரண்டு மாதப் பில்லில் 250, 300 யூனிட் ஏறும். வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச 100 யூனிட் எங்கே போனது என்றே தெரியாது. இரண்டு கேபினட் விசிறிகள் அதே அறுபது நாளில் இரண்டு யூனிட் தாண்டா. போட்டே ஆக வேண்டும் என்றால் 26, 27 டிகிரியில் வையுங்கள். 20க்கு இறக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தால், நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் வியர்த்து நிற்கும்.

அறையைத் தேர்வதும் ஒரு குளிர்விப்புதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடுப்பகலில் நுழைந்தவர்களுக்குத் தெரியும்: சாய்ந்த ஓட்டுக்கூரை, மரத்தட்டு, வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் விடும் மர அழிகள். நம் பழைய வீடுகளும் அப்படித்தான் இருந்தன. இன்று கணினி பெரும்பாலும் மாடியில், நாள்முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் கூரைக்குக் கீழே, மேற்குப் பார்த்த அறையில் இருக்கிறது. அதைக் கீழ்த்தளத்துக்கு, வடக்கோ கிழக்கோ பார்த்த அறைக்கு மாற்றினாலே மூன்று நான்கு டிகிரி மிச்சம்.

புதிதாக வாங்கப்போகிறவர்களிடம் இன்னொன்று சொல்வேன். தட்டச்சு, இணையம், கணக்கு, இ-சேவை விண்ணப்பம் ஆகியவற்றுக்கு 65 வாட் செயலியே தேவையில்லை. இன்டெல் என்100 செயலி 6 வாட் வகை. அதை வைத்த மினி பிசிகள் உள்ளங்கை அளவில் வருகின்றன. பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட, 35 வாட் செயலி கொண்ட சிறிய மேசைக் கணினிகளும் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. கடற்கரை ஊர் ஒன்றில் மையம் தொடங்குகிறவர் கூலருக்குக் காசு தேடுவதைவிட, கூலரே அதிகம் வேண்டாத கணினியைத் தேடுவது மேல்.

பராமரிப்புக்கு நம் பருவங்களையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குச் சாரல் தொடங்குமுன், மே மாத இறுதிக்குள், ஒருமுறை திறந்து உப்புத் தூசியை முழுதாக எடுத்துவிட வேண்டும். ஈரம் ஏறும்போது கரைவதற்கு உப்பே அங்கே இருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தார் காற்று அடங்கியதும் அக்டோபரில் இன்னொருமுறை திறக்க வேண்டும். வடிவலையை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி மாட்டினால் போதும்.

மழை மாதங்களில் கணினியைப் பயன்படுத்தாமல் மூடி வைத்திருப்பவர்கள், பூட்டிக் கிடக்கும் பள்ளி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவுக் காற்று 26 டிகிரியிலும் 90 விழுக்காடு ஈரத்திலும் இருக்கும்போது, கேபினட்டின் உள்ளே காற்று வெறும் ஏழு டிகிரி சூடேறினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 60க்கு இறங்கிவிடும். உப்பு கரையும் 75 என்ற வரம்புக்கு வெகு கீழே. கோடையில் நாம் துரத்திய அதே வெக்கைதான் ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் போர்டை உலர வைக்கிறது. ஆகவே அம்மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் கணினியைத் தினமும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். பயாஸில் விசிறி வேகத்தைத் தாழ்த்தி, செயலி 55, 60 டிகிரியில் ஓடினாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.